தாமாரின் கூக்குரலும் லேவியனின் கத்தியும்
பாலியல் வன்முறை பற்றிய கலைப் படைப்புகள் குறித்து ஒரு திறனாய்வு

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் முதன்முதலாக ஆயர் பணி ஏற்ற சபையில், வாலிபர் ஞாயிறன்று நடிப்பதற்கென 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை நாடகமாக எழுதினேன். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைச் சபையார் உணர வேண்டும் என்பதே நோக்கம். யோனதாபின் தந்திரமும், அம்னோனின் பொய் நோயும், தாவீதின் செயலற்ற கோபமும் விரிவான காட்சிகளாயின. இறுதிக் காட்சியில், ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோமின் ஆட்கள் அம்னோனை வெட்டி வீழ்த்தியபோது எழுந்த கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நாடகம் வெற்றி பெற்றது என்றே எண்ணினேன்.

மறுநாள், சபை ஊழியத்தில் நெடுங்காலம் உழைத்திருந்த மூத்த அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, அம்னோன் செத்ததும் எல்லாரும் கைதட்டினார்களே, தாமார் எங்கே போனாள்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நாடகப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கொடுமை நிகழ்ந்த பின்பு தாமாருக்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு அடிப்படை. பாலியல் வன்முறையைக் குறித்து மக்களை விழிப்படையச் செய்யும் கலை இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. நம் சபைகளிலும் மகளிர் ஞாயிறு, வாலிபர் முகாம் போன்ற தருணங்களில் இப்பொருளில் நாடகங்கள் நடிக்கப்படுகின்றன. இவற்றை எவ்வளவு உருக்கமாக நடித்தார்கள் என்று மட்டும் அளந்து பார்த்தால் போதுமா? வேறோர் அளவுகோல் தேவை என்று கருதுகிறேன். அதனைத் திருமறையிலிருந்து பெற்று, இத்துறையில் முன்னோடியாக விளங்கும் அமெரிக்கக் கலைஞர் சுசான் லேசியின் படைப்புகள் சிலவற்றை அதனால் அளந்து பார்க்க முயல்வோம்.

1. திருமறையின் இரு காட்சிகள்

பாலியல் வன்முறையை ஊரறியச் செய்த இரு செயல்களைப் பழைய ஏற்பாடு பதிவு செய்துள்ளது. முதலாவது, தாமார் செய்தது. அவள் தன் தலைமேல் சாம்பலை வாரிப் போட்டு, அரசகுமாரத்திகள் அணியும் தன் பலவருண வஸ்திரத்தைக் கிழித்து, கையைத் தலைமேல் வைத்து, சத்தமிட்டு அழுதுகொண்டு தெருவில் போனாள். இவை இஸ்ரவேலர் சாவுக்குத் துக்கங் கொண்டாடும் அடையாளங்கள். கதவைப் பூட்டி மறைக்கப்பட்டதை அவள் தன் சொந்தக் கைகளாலும் சொந்தக் குரலாலும் தெருவுக்குக் கொண்டுவந்தாள். அதற்கு முன்பும் அவள் பேசாதிருக்கவில்லை. இஸ்ரவேலின் வழக்கத்தையும், தனக்கு நேரும் நிந்தையையும், அம்னோனுக்கு வரும் இழிவையும் எடுத்துக் கூறி வாதாடினாள். அவன் அவள் சொல்லைக் கேட்க மனதற்றிருந்தான் என்று அந்த அதிகாரம் இருமுறை கூறுவது உற்று நோக்கத்தக்கது. கேளாமையிலேயே அவனுடைய பாவம் தொடங்குகிறது. பின்னர் அவளைச் சும்மாயிருக்கச் சொன்னவன் அப்சலோம். அவளுடைய பாதுகாவலன் எனத் தோன்றியவன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் வாளெடுத்தபோது, அவளுடைய துன்பம் அவனுடைய பகைக்குக் காரணமாயிற்று. அவளோ அவன் வீட்டில் பாழ்த்துக் கிடந்தாள்.

இரண்டாவது காட்சி நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. கிபியாவின் மனிதர் இராமுழுவதும் வதைத்த தன் மறுமனையாட்டியின் உடலை ஒரு லேவியன் பன்னிரண்டு துண்டுகளாக்கி இஸ்ரவேலின் எல்லையெங்கும் அனுப்பினான். விழிப்புணர்வு என்று பார்த்தால் இதைவிட வலிமையான செயல் இல்லை. கண்டவர் அனைவரும் திகைத்தனர். தாண் முதல் பெயெர்செபா மட்டும் ஜனங்கள் ஏகமாய்க் கூடினர். ஆயினும் அந்த அதிகாரம் முழுவதிலும் அப்பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. காலையில் லேவியன் அவளை எழுப்பியபோது மறுமொழி இல்லை. அவள் இறந்திருந்தாள் என்று அவ்விடத்தில் எபிரேய மூலம் கூறவுமில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பே அதனைச் சேர்க்கிறது. மிஸ்பாவில் கூடிய சபைமுன் லேவியன் நடந்ததை விவரிக்கும்போது, தன் கையாலேயே அவளை வெளியே தள்ளியதை விட்டுவிடுகிறான். விளைவு யாது? உள்நாட்டுப் போர், அதன் முடிவில் யாபேஸ்கீலேயாத்தின் கன்னிப்பெண்கள் நானூறு பேர் பிடித்துக் கொடுக்கப்பட்டனர், போதாமைக்குச் சீலோவின் பண்டிகையில் நடனமாட வந்த பெண்களும் பறித்துச் செல்லப்பட்டனர். ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையால் கொதித்தெழுந்த மக்களே பல நூறு பெண்களுக்கு அதே கொடுமையைச் செய்தனர்.

தாமாரின் செயலில் துன்புற்றவளே பேசுகிறாள். லேவியனின் செயலில் துன்புற்றவளின் உடல் பிறனொருவனின் செய்தியாகிறது. இரண்டும் ஊரை உலுக்கக்கூடியவை. ஆனால் உலுக்கப்பட்ட உள்ளம் நீதியை நோக்கித் திரும்புமா, வெறியை நோக்கித் திரும்புமா என்பது இந்த வேறுபாட்டையே பொறுத்தது. என் நாடகம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அந்த அம்மையார் கண்டுகொண்டார்.

2. வரைபடமும் புலம்பலும்

1972இல் கலிபோர்னியாவில் சுசான் லேசி, ஜூடி சிகாகோ முதலான நான்கு பெண் கலைஞர்கள் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியை நடத்தினர். கழுவுதல்கள் என்னும் பொருள்படும் தலைப்புடையது அது. முட்டை, இரத்தம், களிமண் ஆகியவை நிறைந்த தொட்டிகளில் பெண்கள் மூழ்கி எழுந்தனர். வன்முறைக்கு ஆளான பெண்கள் தமக்கு நேர்ந்ததைத் தாமே கூறும் ஒலிப்பதிவு அங்கு இடைவிடாது ஒலித்துக்கொண்டிருந்தது. இத்தகைய சாட்சியங்களைப் பலர் கூடியிருந்து கேட்பது அக்காலத்தில் அரிது. எனினும் கேட்டவர்கள் கலையுலகைச் சார்ந்த சிலரே. காட்சியின் கடுமையும் காதில் விழுந்த சொல்லைச் சில வேளை மூடிவிட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஐந்தாண்டுகளுக்குப் பின் லேசி தெரிந்துகொண்ட வழி வேறு. 1977 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மண்டபத்தை அடுத்த வணிக வளாகத்தில், மக்கள் நாள்தோறும் நடக்கும் இடத்தில், அந்நகரின் வரைபடங்கள் இரண்டை மஞ்சள் நிறத்தில் தொங்கவிட்டார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து அடி நீளம். மூன்று வாரங்களும் அவர் காவல் துறையிடம் சென்று, முந்திய நாள் பதிவான வன்புணர்ச்சிக் குற்றங்கள் நிகழ்ந்த இடங்களைக் கேட்டறிந்து, முதல் வரைபடத்தில் அந்தந்த இடங்களில் அக்குற்றத்தின் பெயரைச் சிவப்பு முத்திரையாகக் குத்தினார். அதனைச் சூழ மங்கலாக ஒன்பது முத்திரைகள். அவை காவல் நிலையத்தை எட்டாத குற்றங்களுக்கு அடையாளம். இரண்டாம் வரைபடத்தில் மருத்துவமனைகள், உதவி நிலையங்கள், அவசரத் தொலைபேசி வசதிகள் ஆகியவை குறிக்கப்பட்டன.

இப்படைப்பின் சிறப்பு அதன் அடக்கத்தில் உள்ளது. ஒரு பெண்ணின் பெயரில்லை, முகமில்லை, உடலில்லை. உடலைக் கூறுபோட்டுத் தேசமெங்கும் அனுப்பிய லேவியனுக்கு நேர்மாறாக, இங்கே தேசத்தின் உடலே காயப்பட்டதாகக் காட்டப்படுகிறது. அவ்வழியே போகிறவர் தம் தெருவை வரைபடத்தில் தேடுவார். அங்கே சிவப்பு முத்திரையைக் காண்பார். குற்றம் எங்கோ இருண்ட சந்தில் நிகழ்வது என்னும் ஆறுதல் அவரை விட்டு நீங்கும்.

அந்த முத்திரைச் சொல்லை நாம் எவ்வாறு மொழிபெயர்ப்போம் என்பதும் சிந்திக்கத்தக்கது. ‘கற்பழிப்பு’ என்று நெடுங்காலம் எழுதி வந்தோம். அச்சொல் குற்றவாளியின் செயலைக் கூறுவதை விடுத்து, பெண்ணிடம் ஏதோ அழிந்துபோனதாகக் கூறுகிறது. வெட்கத்தை அவள்மேல் ஏற்றுகிறது. எபிரேயத்தில் அம்னோனின் செயலைக் குறிக்கும் வினை, எகிப்தியர் இஸ்ரவேலரை ஒடுக்கியதைச் சொல்ல யாத்திராகமம் முதலாம் அதிகாரம் ஆளும் அதே வினையே. ஒடுக்குதல் என்பது அதன் பொருள். ஒடுக்கப்பட்ட இஸ்ரவேல் கற்பிழந்தது என்று எவரும் பிரசங்கிப்பதில்லை. ஆண்டவர் கூக்குரலைக் கேட்டார் என்றே பிரசங்கிக்கிறோம். தாமாருக்கும் அந்த மொழியே உரியது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்நகரைப் பேரச்சம் பிடித்தது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பத்துப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டுக் கிடந்தனர். கொலையாளிக்கு நாளிதழ்கள் பட்டப்பெயர் சூட்டின. இறந்தவர்களின் நடத்தையைக் கிளறின. பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வராதிருப்பதே நலம் என்னும் எண்ணம் பரவியது. இதற்கு மறுமொழியாக லேசியும் லெஸ்லி லபோவிட்ஸும் 1977 டிசம்பர் 13 அன்று ‘துக்கத்திலும் சினத்திலும்’ என்று தலைப்பிட்ட நிகழ்ச்சியை நடத்தினர். சவ வண்டியொன்றைப் பின்தொடர்ந்து கார்களின் ஊர்வலம் நகர மண்டபத்தை அடைந்தது. சவ வண்டியிலிருந்து சவம் இறக்கப்படவில்லை. கருப்பு உடையும் முக்காடும் அணிந்து, தலையணியால் ஏழடி உயரம் கொண்டவர்களாகத் தோன்றிய பெண்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கினர். கடைசியில் செந்நிற உடையணிந்த ஒருத்தி இறங்கினாள். மண்டபத்தின் படிகளில் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கிமுன் வந்து, கொல்லப்பட்ட பத்துப் பேர் தொடங்கி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தாம் நிற்பதாகக் கூறினர். சூழ நின்ற பெண்கள் ஒரே குரலில் மறுமொழி கூற, பேசியவரின் தோள்மேல் சிவப்புப் போர்வை இடப்பட்டது. பின்னர்ப் பெண்களின் பாதுகாப்புக்கான கோரிக்கைகள் வாசிக்கப்பட்டன. நகர மன்ற உறுப்பினர்கள் செய்தியாளர்முன் ஆதரவு தெரிவித்தனர்.

இதனைக் காணும் இறையியல் மாணவருக்கு எரேமியா 9ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. தேசத்தின் அழிவுநாளில் ஆண்டவர் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறார். அவர்கள் தங்கள் குமாரத்திகளுக்கும் புலம்பலைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறார். நம் ஊர்களில் ஒப்பாரி பாடும் பெண்கள், இறந்தவரைப் பாடுவதோடு நில்லாது, இருப்பவர் செய்த அநியாயத்தையும் பாட்டில் வைத்துச் சொல்லிவிடுவதை நாம் அறிவோம். துக்கம் நீதி கேட்கும் வாயாகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் படிகளில் நிகழ்ந்ததும் அதுவே. கொலையாளியின் கதையாக இருந்ததை அப்பெண்கள் இறந்தவர்களின் துக்கமாக மாற்றினர்.

3. சில ஐயப்பாடுகள்

பாராட்டோடு திறனாய்வு முடிந்துவிடலாகாது. மூன்று ஐயப்பாடுகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, செய்தி ஊடகங்களைக் கண்டித்த அந்த நிகழ்ச்சி, தொலைக்காட்சிப் படக்கருவிக்கு ஏற்பவே திட்டமிடப்பட்டது. சில நிமிடங்களில் புரிந்துகொள்ளத்தக்க காட்சியும் முழக்கமும் அதற்குத் தேவைப்பட்டன. அதனால் பத்துப் பெண்களும் ஒரே கருப்பு உடைக்குள் ஒன்றாகிவிட்டனர். தொகையாகிவிட்ட துன்பம் தனி முகத்தை இழக்கும். இது தவிர்க்கவியலாத விலையாக இருக்கலாம், ஆனால் விலைதான்.

இரண்டாவது, ஆட்டுக்குட்டியைப் பற்றியது. மே மாத நிகழ்ச்சிகளின் ஒரு பகுதியாக லேசி ஒரு சிறு கூடத்தில் தோலுரித்த ஆட்டுக்குட்டியின் உடலுக்கு வெண்சிறகுகள் பொருத்திப் பறப்பதுபோல் தொங்கவிட்டார். பெண்கள் தாங்களே கூறிய அனுபவங்கள் சுவரில் எழுதப்பட்டிருந்தன. வாயிலுக்குமேல், உடலில் சிவப்புச் சாயம் பூசிய நான்கு பெண்கள் ஆடையின்றிக் குந்தியிருந்து, உள்ளே வந்தவர்களை உற்று நோக்கினர். ஆடையின்மையைக் கண்டவுடன் நம்மில் பலர் முகம் திருப்புவோம். எனினும் அங்கே பார்க்கப்படுபவர் யார்? பார்க்க வந்தவரே பார்க்கப்படுகிறார். என் ஐயம் அதனைப் பற்றியதன்று. அந்த ஆட்டுக்குட்டியை நாம் எளிதாக நமதாக்கிக்கொள்வோமே என்பதைப் பற்றியது. ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் ஆட்டுக்குட்டி வாய் திறவாதது. இந்த ஒப்புமையைக் கொண்டே, பாடுபடும் பெண்களிடம், கிறிஸ்துவைப் போல் பொறுத்துக்கொள் என்று ஆலோசனை கூறிவந்தோம். கிறிஸ்துவின் மௌனம் அவர் தெரிந்துகொண்டது. தாமாரின் மௌனம் அவள்மேல் சுமத்தப்பட்டது. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவது சிலுவையின் பேரால் அப்சலோமின் வேலையைச் செய்வதாகும். வெளிப்படுத்தலில் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது என்பதையும், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின்கீழ் உரத்த சத்தமாய் நியாயம் கேட்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது ஐயம் இவற்றினும் பெரிது. இந்த 1977ஆம் ஆண்டுப் படைப்புகளில் பேசியவர், துக்கித்தவர், தற்காத்துக்கொள்ள முன்வந்தவர் யாவரும் பெண்களே. குற்றம் செய்தவர் ஆண்கள். அவர்கள் எங்கே? மனந்திரும்புதலின் அழைப்பு யாரை நோக்கியது?

4. கேட்கும் ஆண்கள்

இக்கேள்விக்கு விடையின் தொடக்கத்தை லேசியின் பிற்காலப் படைப்பொன்றில் காண்கிறேன். தென்னமெரிக்காவின் எக்வடோர் நாட்டில், வன்முறையைப் பற்றிப் பெண்கள் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் முன்னரே திரட்டப்பட்டிருந்தன. 2015 நவம்பர் 25 அன்று, தலைநகர் கீட்டோவில் காளைப்போர் நிகழும் அரங்கில், நூற்றுக்கணக்கான ஆண்கள் அக்கடிதங்களை மக்கள்முன் வாசித்தனர். அவர்கள் நாடகத் தொழிலினர் அல்லர். பல துறைகளைச் சார்ந்தவர்கள். முன்னதாகப் பயிற்சிக் கூட்டங்களில் அமர்ந்து இப்பொருளைப் பற்றிக் கலந்து பேசியவர்கள். ஆண்மையின் வீரத்தைக் காட்டவென்று அமைந்த களத்தில் ஓர் ஆண் நின்று, தன்னைப் போன்ற ஒருவனால் அடிபட்டவளின் சொற்களைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

பெண்ணின் இடத்தை ஆண் மீண்டும் பறித்துக்கொள்கிறான் என்று இதனை மறுக்கலாம். அந்த ஆபத்து உண்டு; வாசித்த ஆணுக்குக் கைதட்டி, எழுதியவளை மறந்துவிடவும் கூடும். ஆயினும் மிஸ்பாவின் லேவியனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் பெண்ணின் கதையைத் தன் சொல்லால் சொல்லித் தன் குற்றத்தை மறைத்தான். இவர்கள் பெண்ணின் சொல்லையே, கூட்டாமலும் குறைக்காமலும், சொன்னார்கள். அம்னோன் கேட்க மறுத்த இடத்தில் இவர்கள் கேட்கக் கற்றார்கள். மனந்திரும்புதல் கேட்பதில் தொடங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சித்திரத்தை நான் அண்மைக் கலையில் கண்டதில்லை.

5. நம் சபைகளில்

திருச்சபை இக்கலைஞர்களிடம் கற்கவேண்டியது உண்டு. பல சபைகள் பின்பற்றும் திருத்தப்பட்ட பொது வாசகப் பட்டியல் 1992இல் வெளிவந்தது. அதன் தாவீது வரிசை 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்திலிருந்து 18ஆம் அதிகாரத்திற்குத் தாவிவிடுகிறது. தாவீது அப்சலோமுக்காக அழுவதைச் சபை கேட்கிறது. தாமார் அழுததைக் கேட்பதில்லை. இதற்கு மாறாக, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் இறையியலாளர் சிலர் 1990களிலிருந்து இந்த அதிகாரத்தையே சபைப் பெண்களோடு அமர்ந்து வாசிக்கத் தொடங்கினர். நம் ஆலயத்தில் இதைப் பற்றிப் பேசலாமா என்று அறியாதிருந்த பெண்கள், வேதத்திலேயே இது இருப்பதைக் கண்டு வாய் திறந்தனர். பின்னர் தாமாரின் பெயராலேயே அது ஓர் இயக்கமாகப் பிற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பரவியது.

எனவே, இப்பொருளில் ஒரு நாடகத்தையோ, வில்லுப்பாட்டையோ, கதாகாலட்சேபத்தையோ சபையில் நடத்த விரும்பும் ஆயரும் மாணவரும் மூன்று கேள்விகளைத் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொள்வது நலம். துன்புற்றவள் இதில் பேசுகிறாளா, அல்லது பேசப்படுகிறாளா? வெட்கம் யார்மேல் வந்து நிற்கிறது? பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்குச் செல்வதற்கு ஓர் இடம் காட்டப்பட்டுள்ளதா?

மூன்றாம் கேள்வியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. நம் நாடகங்கள் பெண்ணின் தற்கொலையிலோ, குற்றவாளியின் திடீர் மனமாற்றத்திலோ, அவசர மன்னிப்பிலோ முடிந்துவிடுகின்றன. பார்வையாளருள் அதே காயத்தோடு அமர்ந்திருக்கும் ஒருத்தி, ஒன்று சாக வேண்டும் அல்லது உடனே மன்னிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறாள். லேசியின் இரண்டாம் வரைபடத்தை இங்கே நினைவுகூருங்கள். அதனை வரையாமல் முதல் வரைபடத்தைத் தொங்கவிடுவது கொடுமை. நாடகத்திற்கு முன்பே அதன் பொருளைச் சபைக்கு அறிவித்து, தாங்க இயலாதவர் எழுந்து செல்ல வழிவிட வேண்டும். முடிந்தபின் தனியே வந்து பேசுவோரைக் கேட்கப் பயிற்சி பெற்ற பெண்கள் இருக்க வேண்டும். மகளிர் உதவித் தொலைபேசி எண் 181, சிறார் உதவி எண் 1098 ஆகியவை அறிவிக்கப்பட வேண்டும். துன்புற்றவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் நாட்டில் குற்றம் என்பதையும், சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதனைக் காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது என்பதையும் ஆயர் அறிந்திருக்க வேண்டும். சபையின் நற்பெயரைக் காக்கக் கமிட்டிக்குள்ளேயே பேசி முடிக்கும் வழக்கம், தாமாரைச் சும்மாயிருக்கச் சொல்லும் வழக்கமேயன்றி வேறன்று.

அந்த அம்மையார் இப்போது ஆண்டவரில் நித்திரையடைந்துவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் அதைத் தாமாருக்காக மட்டும்தான் கேட்டாரா என்றும் நான் விசாரிக்கவில்லை. ஆயரிடம் ஒரு பெண் அவ்வளவு தூரம் வந்து, அவ்வளவு குறைவாகப் பேசிவிட்டுத் திரும்பிப் போவதன் பொருள் என்னவென்று அன்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் வருகிறவள் அப்படித் திரும்பிப் போகாதிருக்கட்டும்.